பாம்புக்கு மருந்து கால் பங்கு, டப்பாவுக்கு முக்கால் பங்கு

கேள்வி இது: வேளச்சேரியில் ஒரு தம்பி 1.2 கிலோ எடையுள்ள பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்க்கிறார். பத்து நாளாகப் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு எழவே மாட்டேன் என்கிறதாம். கிண்ணத்தின் அடியில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். செல்லப்பிராணிக் கடையில் நாய் உண்ணிக்கு அடிக்கும் ஸ்ப்ரே ஒன்றைக் கொடுத்து, இதை அடித்தால் போதும் என்றார்களாம். அடிக்கலாமா? அம்மாவின் கையிலும் சிவப்பாகத் தடித்திருக்கிறது, அதுவும் இதனாலா?

தம்பி, அந்த ஸ்ப்ரேயை எடுத்து அலமாரியில் வையுங்கள். முதலில் ஒரு வெள்ளை டிஷ்யூவை லேசாக நனைத்து, பாம்பைக் கழுத்திலிருந்து வால்வரை அதற்குள் மெதுவாக ஊர விடுங்கள். டிஷ்யூவில் ஒட்டிய புள்ளி நகர்கிறதா பாருங்கள். நகத்தால் நசுக்கினால் சிவப்பாகத் தீற்றினால் சந்தேகமே வேண்டாம், அது பாம்பின் ரத்தம் குடித்த மைட் என்கிற நுண்ணிய ஒட்டுண்ணி. இதைச் செய்யாமல் மருந்தில் இறங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேங்காய் நார்த்தூள் போட்ட டப்பாவில் வெளிர் நிறத்தில் சோம்பலாக ஊரும் பூச்சிகள் வருவது சகஜம். அவை பூஞ்சையையும் அழுகலையும் தின்று பிழைப்பவை, பாம்பைத் தொடாது. அதற்குப் போய் விஷம் தெளித்துப் பாம்பை வாட்டிய கதைகள் உண்டு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது அசல் மைட்தான். தண்ணீரில் கிடப்பது, அடியில் கறுப்புப் புள்ளி, இரண்டும் சேர்ந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இன்னும் உறுதி வேண்டுமானால் ஒரு சின்ன டார்ச்சோடு கண்ணைப் பாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள செதில்களுக்கும் கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அங்கே கூட்டமாக உட்கார்ந்திருக்கும். தாடைக்கு அடியில் நடுவில் ஓடும் மடிப்பு, உதட்டில் வெப்பம் உணரும் குழிகள், வயிற்றுச் செதில்களின் ஓரம், மலத்துவாரத்தைச் சுற்றி, இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். செதில்மேல் சாம்பல் தூவியதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அது அவற்றின் எச்சம்.

இதன் பெயர் ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். ஊர்ப்பக்கம் கோழிக்கூட்டில் பேன், செள்ளு என்று சொல்வோமே, அந்தக் கோழி மைட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி வளர்த்த பாட்டிகளுக்கு ஒரு விஷயம் தெரியும்: கோழியை மட்டும் சுத்தம் செய்தால் போகாது, கூட்டை எரிக்கிற அளவுக்கு வெயிலில் காய வைக்க வேண்டும். பாம்பு வளர்ப்பவர்கள் பலர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பாம்பின்மேல் நீங்கள் பார்ப்பது சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் மட்டுமே. குடித்தனம் எல்லாம் டப்பாவில்.

எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் மொத்த வைத்தியமும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. 1953 இல் சிகாகோ அறிவியல் கழகம் வெளியிட்ட ஆய்வில் ஜோசப் கேமின் இந்தப் பூச்சியின் வாழ்க்கையை நாள்கணக்காக, மணிக்கணக்காக எழுதி வைத்தார். இன்றைக்கும் மருத்துவர்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பெண் மைட் ரத்தம் குடித்துவிட்டுப் பாம்பை விட்டு இறங்கிவிடும். இருட்டும் ஈரமும் உள்ள சந்து தேடிப்போய் முட்டையிடும். ஆயுள் முழுக்கச் சேர்த்து 60 முதல் 80 முட்டை. நம் ஊர்ச் சூட்டில் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். பொரிந்து வரும் குஞ்சுக்கு ஆறே கால், அது எதையும் தின்னாது. ஓரிரு நாளில் தோலுரித்து எட்டுக் காலோடு அடுத்த நிலைக்கு வரும். அதுதான் முதன்முதலாக ரத்தம் தேடிப் பாம்பின்மேல் ஏறும். குடித்துவிட்டு இறங்கும். மறுபடி ஒரு நிலை, அதிலும் தீனி கிடையாது. அப்புறம் வளர்ந்த பூச்சி. முட்டையிலிருந்து முட்டைவரை 13 முதல் 19 நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வளர்ந்தது 40 நாள்வரை உயிரோடிருக்கும்.

இதில் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிலையில் இரண்டுதான் பாம்பின்மேல் வந்து குடிக்கும். மற்ற மூன்றும் டப்பாவின் மூடி விளிம்பு, கண்ணாடித் தொட்டியின் மூலைச் சந்து, மரக்கட்டையின் பட்டைக்குள். நீங்கள் பாம்பைக் குளிப்பாட்டிப் பளபளவென்று திரும்ப அதே டப்பாவில் விட்டால் இரண்டு நாளில் பழைய கதைதான். இரண்டாவது, பசித்த குட்டி மைட் ரத்தமே இல்லாமல் இரண்டு வாரத்துக்குக் குறையாமல், சிலசமயம் ஒரு மாதம்வரை தாக்குப்பிடிக்கும். டப்பாவை வெறுமனே ஒரு வாரம் காலியாகப் போட்டு வைப்பதால் ஒன்றும் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. ஆண் துணையே இல்லாமல் பெண் மைட் முட்டையிடும், அந்த முட்டைகளிலிருந்து ஆண் மட்டும் வரும். அதாவது எங்கோ தப்பிய ஒரே ஒரு பெண் குஞ்சு வளர்ந்தாலும் தனக்கு வேண்டிய ஜோடியைத் தானே பெற்றுக்கொண்டு குடும்பத்தை மறுபடி தொடங்கிவிடும். பாதிச் சுத்தம் என்பது இந்தப் பூச்சியிடம் செல்லாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என்னுடைய முதல் பால் பைத்தானுக்கு வந்தபோது, ஒன்பதாம் நாள் டிஷ்யூவில் ஒரு புள்ளியும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அழகான மரக்கட்டை, தேங்காய் நார் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன். இருபத்து நாலாம் நாள் கண்ணோரம் நான்கு கறுப்பு. அந்த மரக்கட்டையை நான் கழுவி, வெயிலில் வைத்து, பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். பட்டைக்குள் வெயில் போகவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து என் கணக்கு ஆறு வாரம். 40 நாள் வாழும் பூச்சிக்கு 42 நாள்.

இப்போது செய்ய வேண்டியது.

பாம்பை இன்று இரவே ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். மூடி இறுகப் பூட்டக்கூடியது, பக்கவாட்டில் சூடான கம்பியால் துளை போட்டது போதும். அடியில் சமையலறை டிஷ்யூ, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி அல்லது முட்டை அட்டை. வேறு எதுவும் வேண்டாம். பாம்புக்கு இது சந்தோஷமாக இருக்காதுதான், ஆனால் ஆறு வாரத்துக்குச் சகித்துக்கொள்ளும். அட்டையையும் டிஷ்யூவையும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை பாலித்தீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வீட்டுக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். முட்டைகளும் அதோடு போகும். டப்பாவைக் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். 50 டிகிரிக்கு மேல் இந்தப் பூச்சி நொடிகளில் சாகும், அதனால் ரசாயனத்தை விடக் கெட்டிலை நான் அதிகம் நம்புகிறேன். ஆறவிட்டு, துடைத்து, அப்புறம்தான் பாம்பு.

பழைய டப்பாவில் இருந்த நார்த்தூள், மரச்சீவல், பட்டை, செடி எல்லாம் குப்பைக்கு. கட்டை மேல் ஆசை இருந்தால் ஒரு கவரில் கட்டி ஃபிரீசரில் ஒரு வாரம் போட்டு வையுங்கள், ஆனால் உட்புறம்வரை உறையும் அளவு சிறிய கட்டையாக இருந்தால் மட்டும். நான் எறிந்துவிடுவேன். டப்பா வைத்திருந்த அலமாரியின் அடியையும் சுவரோரத்தையும் வாக்குவம் போட்டு, பையை உடனே வெளியே கொட்டுங்கள்.

பாம்புக்குக் குளியல்: விரல் வைத்தால் சூடும் குளிரும் தெரியாத வெதுவெதுப்பு, பாம்பின் உடல் உயரத்தில் பாதி தண்ணீர், இருபது முப்பது நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே. மூழ்கிய பூச்சிகள் சாகும். சாகாதவை தலைக்கு ஏறும், ஏனென்றால் தலை மட்டும்தான் தண்ணீருக்கு வெளியே. எனவே கடைசியில் காது குடையும் பஞ்சுக்குச்சியை மினரல் ஆயிலிலோ ஆலிவ் எண்ணெயிலோ தொட்டு, கண்ணின் ஓரப் பள்ளத்திலும் தாடை மடிப்பிலும் மெல்லத் தடவுங்கள். எண்ணெய் பூச்சியின் மூச்சுத்துளையை அடைத்துவிடும். வெப்பக் குழிகளில் எண்ணெய் தேங்க விடாதீர்கள். உடம்பு முழுக்க எண்ணெய் பூசிக் குளிப்பாட்டுகிற வழக்கத்தையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலை செய்யும்தான், ஆனால் பாம்பு நழுவும், தூசியெல்லாம் ஒட்டும், அடுத்த சட்டை சரியாக உரியாது. எனக்குப் பிடிக்காது.

அடுத்தது மருந்து. இங்கேதான் மைட்டுக்கு முன்னால் நம்மாட்களே பாம்பைக் கொன்றுவிடுகிறார்கள்.

கடைக்காரர் கொடுத்த ஸ்ப்ரேயில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும் என்று நினைக்கிறேன், பாட்டிலைப் பாருங்கள். மருத்துவர்கள் அதைப் பாம்புக்கும் பயன்படுத்துவது உண்டு, ஆனால் நேரடியாக அடிப்பதில்லை. துணியில் தெளித்து, அந்தத் துணியால் உடம்பைத் துடைத்து, ஐந்து நிமிடத்தில் தண்ணீரில் கழுவிவிடுவார்கள். மருந்தை விட அதில் கலந்த ஆல்கஹால் பெரிய தொல்லை. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும், மூடிய டப்பாவில் ஆவியாக நிற்கும். குட்டிப் பாம்புகளுக்கு இது வேண்டவே வேண்டாம். உங்கள் பாம்புக்குக்கூட முதல் கை ஆயுதமாக இதை நான் சொல்ல மாட்டேன்.

ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். ஊசியாகப் போட்டால் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கொருமுறை. உங்கள் பாம்புக்கு 0.24 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. கணக்குப் போட்டால் 0.024 மில்லி வருகிறது. நம் ஊர் 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் அது ஏறக்குறைய ஒரே ஒரு கோடு. கை கொஞ்சம் நடுங்கி இன்னொரு கோடு இறங்கினால் இரட்டிப்பு. பால் பைத்தான்களில் சில சரியான அளவுக்கே தலை ஆடி, நிலைதடுமாறுவதாகப் பதிவுகள் உண்டு. மருத்துவர் இதை முறைப்படி நீர்க்கச் செய்து, எடை பார்த்துப் போடுவார். வீட்டில் முயல வேண்டாம்.

அதே ஐவர்மெக்டினைத் தண்ணீரில் கலந்து தெளிப்பது இன்னொரு வழி. லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்று நூல்களில் இருக்கிறது, அதாவது ஒரு சதவீத மருந்தில் அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி. நான் குறைந்த பக்கத்தில் நிற்பவன். தண்ணீரில் சரியாகக் கரையாது, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். வெளிச்சத்தில் வீரியம் போய்விடும், ஆகவே மிச்சத்தை எடுத்து வைக்காமல் புதிதாகக் கலக்குங்கள். காலி டப்பாவுக்குள் தெளித்து, காய்ந்தபின் பாம்பு, அதன் பிறகு தண்ணீர்க் கிண்ணம். மூன்று முதல் ஐந்து நாளுக்கொருமுறை நான்கு வாரம். பாம்பின் மேலேயே தெளிப்பதா என்பதை உங்கள் பாம்பைக் கையில் பிடித்துப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

ஒரு கடும் எச்சரிக்கை. வீட்டில் ஆமை இருக்கிறதா? மீன்கடையில் விற்கும் சிவப்புக்காது ஆமை நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, அதனால் கேட்கிறேன். ஐவர்மெக்டின் ஆமைகளை முடக்கிக் கொல்லும். அளவு குறைத்தால் பரவாயில்லை என்ற பேச்சே இல்லை. தெளித்த கையோடு ஆமைத் தொட்டியைத் தொடாதீர்கள்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி 0.5 சதவீதத்தில் வெளிநாடுகளில் பாம்பு மைட்டுக்கென்றே தயாரித்த ஸ்ப்ரே விற்கிறது. காலி டப்பாவில் அடித்து, முழுக்கக் காய்ந்து வாடை போனபின் பாம்பை விடுவது முறை. இங்கே அதை நினைத்து வேறு ஏதோ பெர்மெத்ரின் வாங்கி அடிக்காதீர்கள், அதில் என்ன எண்ணெய், என்ன கரைப்பான் என்று தெரியாது. வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம், பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

சமீபத்தில் நாய்களுக்குக் கொடுக்கும் உண்ணி மாத்திரைகள் பக்கம் மருத்துவர்கள் திரும்பியிருக்கிறார்கள். அஃபோக்ஸோலனெர் என்ற மருந்தைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வாய்வழி கொடுத்து இரண்டு பர்மிய மலைப்பாம்புகளைக் குணப்படுத்தியதாக 2020 இல் ஒரு பதிவு வந்தது. இரண்டு பாம்பு என்பது சின்னக் கணக்கு. ஆனாலும் பாம்பின் ரத்தத்தைக் குடிக்க வருகிற பூச்சி அதிலேயே சாகிறது என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள், நீங்களாக மாத்திரையை உடைக்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. எறும்புச் சாக்பீஸ், கரப்பான் ஸ்ப்ரே, பாச்சா உருண்டை, கொசுவர்த்தி: எதுவும் பாம்பு இருக்கும் அறையில் வேண்டாம். வேப்பெண்ணெயை இயற்கை என்று சொல்லிப் பூசுகிறார்கள். பாட்டிலுக்குப் பாட்டில் அதன் வீரியம் வேறு, நாற்றத்தில் பாம்பு தீனியையும் விட்டுவிடும். ஈரப்பதத்தைக் குறைத்தால் மைட் காய்ந்து சாகும் என்பது உண்மை, ஆனால் சென்னையில் எப்படிக் குறைப்பீர்கள்? ஏசி போட்டுக் குறைத்தாலும் பால் பைத்தானுக்குச் சட்டை துண்டுதுண்டாக உரியும். மைட்டைத் தின்னும் வேட்டை மைட்டுகள் இருக்கின்றன, செய்லீட்டஸ் எரூடிடஸ் அதில் ஒன்று. அழகான வழி, ஆனால் மருந்து தெளித்த டப்பாவில் அவையும் செத்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும், இவ்வளவு முற்றிய நிலையில் நான் மருந்தைத்தான் எடுப்பேன்.

உங்கள் பாம்பு எவ்வளவு ரத்தம் இழந்திருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. வாயை லேசாகத் திறந்து பாருங்கள். உள்தசை இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தாலோ, கையில் தூக்கும்போது இறுக்கிப் பிடிக்காமல் துணிபோல் தொங்கினாலோ, வயிற்றுச் செதிலில் ரத்தக்கட்டுபோல் சிவந்திருந்தாலோ, வைத்தியத்தை நிறுத்தி நேரே மருத்துவரிடம் போங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். சிவப்பைச் சொல்லக் காரணம் உண்டு. ஏரோமோனஸ் என்ற பாக்டீரியாவை இந்தப் பூச்சி பாம்பிலிருந்து பாம்புக்குக் கடத்தி ரத்தத்தில் நஞ்சேற்றும் என்று அதே கேமின் 1948 இலேயே காட்டியிருக்கிறார். போவா, பைத்தான்களைக் கொல்லும் ஒரு வைரஸ் நோயைப் பரப்புவதிலும் இதன்மேல் பலமான சந்தேகம் இருக்கிறது. எனவே வீட்டில் வேறு பாம்பு இருந்தால், ஒன்றில்கூடப் புள்ளி தெரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வைத்தியம் தொடங்குங்கள். நோயில்லாத பாம்பை முதலில் தொட்டு, நோயாளியைக் கடைசியில் தொடுங்கள். அப்புறம் உங்கள் உடையை மாற்றுங்கள்.

தீனி விஷயம்: முதல் வாரம் கொடுக்காதீர்கள். குளியலும் மருந்தும் அலைச்சலும் சேர்ந்து கக்கிவிடும். 1.2 கிலோ பால் பைத்தான் இரண்டு மூன்று வாரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, மேற்கு ஆப்பிரிக்காவில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பழகிய இனம். மைட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து பாம்பு வியாபாரத்தோடு உலகம் சுற்றியது என்றுதான் நம்புகிறார்கள், அந்த வகையில் இரண்டும் ஒரே ஊர்க்காரர்கள். சட்டை உரித்தவுடன் அதை உடனே எடுத்து விரித்துப் பாருங்கள், கண்ணாடிச் செதிலும் சேர்ந்து வந்ததா என்று. கூட்டமாகப் பூச்சிகள் உரித்த சட்டையோடு போய்விடும், அது உங்களுக்குக் கிடைக்கிற இனாம்.

எங்கிருந்து வந்தது என்றும் யோசியுங்கள். கடந்த இரண்டு மாதத்தில் புதுப்பாம்பு, புது மரக்கட்டை, உயிருள்ள எலி, பாம்புக் கடைக்குப் போய்வந்த நீங்கள், இந்த நான்கில் ஒன்று. இனி எது வந்தாலும் தனி அறையில் வெள்ளை டிஷ்யூமேல் ஆறு வாரம். இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பால் பைத்தான் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் வைத்திருப்பவர்கள் மருத்துவரிடம் போகத் தயங்கி, கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஸ்ப்ரே அடிக்கிறார்கள் என்பதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படியில்லை என்று நம்புகிறேன்.

அம்மாவின் கைக்கு வருகிறேன். ஆம், இதனாலாக இருக்கலாம். பசித்த மைட் மனிதரையும் கடிக்கும், மணிக்கட்டிலும் முன்கையிலும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பாக, அரிப்போடு. ஆனால் நம் உடம்பில் குடியிருந்து பெருகாது, டப்பா சுத்தமானால் அதுவும் நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் அடங்கவில்லை, பரவுகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், பாம்பு வளர்க்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை பாம்பின் டிஷ்யூவை மாற்றுகிற வேலையை அம்மாவின் தலையில் கட்டாமல் நீங்களே செய்யுங்கள்.